கண்டோர்

நிக்கோலஸ் ரேயின் 'தே லிவ் பை நைட்' படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பௌவியையும் கீச்சியையும் பற்றி எழுதுவார்கள். நியாயம்தான். சின்ன வயதிலேயே கொலை வழக்கில் உள்ளே போய், ஜெயிலிலிருந்து தப்பி வந்த பையன். குடிகார அப்பாவின் பெட்ரோல் பங்க்கைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் பெண். ஒரு பஸ் நிற்கும் இடைவெளியில் இறங்கி, 20 டாலர் கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்டு, பழைய கார் ஒன்றில் இரவிரவாக ஓடுகிறார்கள். 1947இல் எடுத்த படம். காதலர் ஓட்டத்தை நுவார் ஆக்கிய படங்களில் இதற்கு முந்தியவையும் உண்டு, பிந்தியவையும் உண்டு. ஆனால் இன்றுவரை வரும் பல படங்களின் முதுகெலும்பு இதுதான்.

எனக்கு அந்தப் படத்தில் மறக்காத முகம் மேட்டி. பௌவியோடு ஜெயிலிலிருந்து தப்பியவனின் அண்ணி. அவள் கணவனும் சிறையில். கடைசியில் பௌவியும் கர்ப்பமான கீச்சியும் அவளுடைய மோட்டலுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அவள் அறை கொடுக்கிறாள், பிறகு போலீஸிடம் போகிறாள். அவளுக்குக் காசு வேண்டாம், கணவன் வெளியே வர வேண்டும். பௌவி சுடப்பட்டு விழும்போது அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. நாம் வில்லி என்று சொல்லிவிட்டுப் போக முடியாத முகம் அது. அவளும் காதலுக்காகத்தான் அதைச் செய்தாள், அவள் காதலுக்கு யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொருவர் ஹாக்கின்ஸ். 20 டாலருக்குக் கல்யாணம் செய்துவைத்தவர். பௌவி பணத்தோடு வந்து மெக்ஸிகோவுக்கு வழி கேட்கும்போது அவர் முடியாது என்கிறார். இல்லாத நம்பிக்கையை விற்க மாட்டேன் என்பது அவருடைய தொழில் தர்மம். கல்யாணத்தை விற்றவர்தான் இவர்!

ஓடுகிற காதலர்களைப் பற்றிய படங்களில் உண்மையான அறக் கேள்வி ஓடுகிறவர்களிடம் இல்லை என்பது என் எண்ணம். அவர்களுக்கு முடிவு எடுத்தாயிற்று. கேள்வி, அவர்கள் யாரிடம் அறை கேட்கிறார்களோ, யார் கடையில் டீ குடிக்கிறார்களோ, யார் வண்டியில் ஏறுகிறார்களோ, அவர்களிடம்தான். சினிமா நம்மை அந்த இடத்தில் உட்கார விடுவதில்லை. 'கன் க்ரேஸி'யில் (1950) ஜோடி ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கப் போகும் காட்சி முழுக்க ஒரே ஷாட். கேமரா காரின் பின் சீட்டிலேயே இருக்கிறது, வங்கிக்குள் போகவே இல்லை. நாமும் பின் சீட்டில். மூன்றாவது ஆளாக, தப்பித்தால் போதும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. தியேட்டரில் எல்லோருமே ஓடுகிறவர்களின் கட்சிதான். வெளியே வந்ததும் நாம் வீட்டு ஓனர் ஆகிவிடுகிறோம்.

அம்பத்தூரில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எஸ்டேட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் உடனே வேலை கிடைக்கும், அட்வான்ஸ் குறைவாக ஒரு ரூம் கிடைக்கும், ரயில் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், அந்தப் பக்கம் பூந்தமல்லி என்று இந்த மேற்குப் பக்கம் முழுக்க வெளியூர்க்காரர்களின் ஊர். யாரும் யாரையும் தாத்தா பேர் சொல்லி விசாரிக்க முடியாத ஊர் என்று நம்பித்தான் வருகிறார்கள். நான் குடியிருந்த காம்பவுண்டில் ஒருநாள் மாலை ஒரு பையனும் பெண்ணும் ஒரே ஒரு ட்ராவல் பேகோடு மாடி போர்ஷன் கேட்டு வந்தார்கள். ஓனர் அம்மா கேட்ட கேள்விகள்: "எந்த ஊருப்பா? எங்க வேலை? கல்யாணம் ஆயி எவ்ளோ நாள் ஆச்சு?" கடைசியாகக் குரலைக் கொஞ்சம் இறக்கி, "நீங்க என்ன ஆளுங்க?" அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "பாத்தாலே தெரியுது தம்பி, ஓடியாந்ததுங்க. நமக்கு எதுக்கு வம்பு."

நமக்கு எதுக்கு வம்பு. தமிழில் இவ்வளவு தத்துவம் அடங்கிய இன்னொரு வாக்கியம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் அதைக் கிண்டல் செய்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மா கணவரை இழந்தவர். மூன்று போர்ஷன் வாடகைதான் வருமானம். ராத்திரி ரெண்டு மணிக்கு சுமோவில் பத்துப் பேர் வந்து கேட்டைத் தட்டினால் திறக்க வேண்டியது அவர். அந்தப் பெண்ணுக்கு பதினெட்டு நிரம்பியிருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. மேட்டிக்குக் கணவன் என்றால் இவருக்கு வாடகை. அவர் காட்டிக்கொடுக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு ஹாலிவுட்டிலிருந்து வந்ததில்லை. சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு என்று ஒரு துறையே இருக்கிறது. பெண் தான் விரும்பியவனோடு இரவில் புறப்பட்டு, பாலை நிலத்தின் வழியாக அவன் ஊருக்குப் போகிறாள். வழியில் வெயில், வழிப்பறி செய்கிற மறவர், பின்னால் துரத்தி வரும் உறவுக்காரர்கள். ரோட் மூவிக்கு வேண்டிய எல்லாம் உண்டு. நற்றிணையில் ஒரு தலைவன் அவளிடம் சொல்வது இதுதான்: வழியில் கொள்ளைக்காரர்கள் வந்தால் சண்டை போடுவேன், உன் வீட்டு ஆட்கள் வந்தால் ஒளிந்துகொள்வேன். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அது இன்றைய ஆள் பேசுவது போலவே இருக்கிறது. துரத்துகிறவர்களை அடிக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் அவளுடைய அண்ணன்கள். கேங்ஸ்டர் படத்துக்கு இல்லாத சிக்கல் இது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தொல்காப்பியம் இந்தச் சூழலில் வழியில் பார்த்தவர்களுக்கும் பேச இடம் கொடுத்திருப்பது. கண்டோர் கூற்று. காதலனும் காதலியும் தோழியும் தாயும் பேசுகிற ஒரு கவிதை உலகத்தில், பெயர் தெரியாத வழிப்போக்கனுக்கும் ஒரு மைக். கற்பியலில் இன்னொன்றும் சொல்கிறது: பெண்ணைக் கொடுக்க வேண்டியவர்கள் இல்லாமலேயே, உடன்போன சமயத்தில், கல்யாணச் சடங்கு உண்டு. ஓடிப்போன கல்யாணமும் கல்யாணம்தான் என்று அவ்வளவு பழைய ஒரு இலக்கண நூல் விதி எழுதி வைத்திருக்கிறது. நம் பண்பாடு என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஏனோ புரட்டுவதில்லை.

கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டு ஒன்று எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம் ஆகியிருக்கும். மகளைத் தேடி வரும் செவிலித்தாய், எதிரே குடையும் முக்கோலுமாக வரும் அந்தணர்களிடம் கேட்கிறாள்: என் மகளும் இன்னொருத்தி மகனுமாக இந்த வழியாகப் போனார்களே, பார்த்தீர்களா? அவர்கள் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. பார்த்தோம் என்கிறார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்றும் சொல்வதில்லை. பதிலாக மலையில் பிறந்த சந்தனம், கடலில் பிறந்த முத்து, யாழில் பிறந்த இசை எல்லாம் பிறந்த இடத்துக்கா பயன்படுகின்றன என்று கேட்டு, வருத்தப்படாதே அம்மா, அவள் போன வழி அறம்தான் என்று முடிக்கிறார்கள்.

தத்துவ வகுப்புகளில் இதே காட்சிக்கு வேறு ஒரு வடிவம் உண்டு. 1797இல் காண்ட் எழுதிய சின்னக் கட்டுரை. நண்பன் உன் வீட்டில் ஒளிந்திருக்கிறான், கொல்ல வருகிறவன் வாசலில் நின்று அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். பொய் சொல்லலாமா? காண்ட் கூடாது என்கிறார். உண்மை சொல்வது ஒரு கடமை, அது கேட்கிறவனின் நோக்கத்தைப் பொறுத்தது அல்ல. நீ இல்லை என்று பொய் சொன்ன நேரத்தில் நண்பன் பின்வாசலால் தப்பி, திரும்பிப் போகும் கொலைகாரனிடமே மாட்டிக்கொண்டால் அந்தச் சாவுக்கு நீயும் பொறுப்பு என்று ஒரு வாதமும் வைக்கிறார். இரு நூற்றாண்டுக்கு மேலாக மாணவர்கள் இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பெருங்கடுங்கோவின் அந்தணர்கள் காண்ட்டையும் மீறவில்லை, பெண்ணையும் விட்டுக்கொடுக்கவில்லை. பொய் இல்லை, தகவலும் இல்லை. அழகான மூன்றாவது வழி.

அழகுதான். ஆனால் கேட்டது செவிலித்தாய். உவமை சொன்னால் உட்கார்ந்து கேட்டு, அழுதுவிட்டுத் திரும்பிப் போகக்கூடியவள். அருவாளோடு வருகிறவனிடம் சந்தனம், முத்து என்று ஆரம்பிக்க முடியாது.

2003இல் விருத்தாசலம் பக்கம் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். முருகேசன் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், தலித். கண்ணகி வன்னியர். மே மாதம் ரகசியமாகப் பதிவுத் திருமணம். கண்ணகியை வேறு ஊரில் உறவினர் வீட்டில் பாதுகாப்பாக விட்டிருந்தார் முருகேசன். அவர்கள் இருக்கும் இடம் தெரிந்தது எப்படி? முருகேசனின் உறவினர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து வாயிலிருந்து கறந்தார்கள். ஜூலை 8ஆம் தேதி இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள், ஊர் பார்த்துக்கொண்டிருக்க. 18 ஆண்டுகள் கழித்து 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையினரும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஊரில் அன்று எத்தனை கண்டோர்! நமக்கு எதுக்கு வம்பு என்று எத்தனை பேர் நின்றிருப்பார்கள்!

நான் பதிவு அலுவலகத்தில் இரண்டு முறை சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்று சிரித்துக்கொண்டே போட்டது. இரண்டு வீட்டுப் பெற்றோரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். இன்னொன்றில் பெண்ணும் பையனும் உட்பட ஆறு பேர் இருந்தோம், ஆறு பேரின் கண்ணும் வாசல் கேட்டிலேயே இருந்தது. இருவரும் மேஜர், இருவருக்கும் வேலை, சான்றிதழ் எல்லாம் சரி. ஆனாலும் அப்படி. மூன்றாம் நாள் ஆபீஸில் இருக்கும்போது ஒரு போன். பெண்ணின் மாமா. மிரட்டவில்லை. "தம்பி, நீங்க நல்ல குடும்பத்துப் புள்ள மாதிரி தெரியுது. எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க, நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். அவங்க அம்மா மூணு நாளா சாப்புடாம கெடக்குறா." குரல் உடைந்திருந்தது. அவர்கள் பட்டாபிராமில் ஒரு ரூமில் இருந்தார்கள், அட்வான்ஸ் கொடுத்ததே நாங்கள்தான். "தெரியாது சார்" என்றேன்.

ஏறத்தாழ இரண்டு வருஷம் கழித்து, குழந்தைக்குப் பேர் வைக்கும் அன்று, அந்த மாமா வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "அன்னைக்கி தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே தம்பி" என்றார். கோபமாக இல்லை. அந்த அம்மா நிஜமாகவே சாப்பிடாமல்தான் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஆக நான் பொய் சொன்னது கொலைகாரனிடம் அல்ல, அழுதுகொண்டிருந்த ஒரு மனிதரிடம்.

ஆனாலும் அதே போன் இன்று வந்தால் அதே பதிலைத்தான் சொல்வேன். பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) படத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து ஓடிவந்த முருகனுக்கும் ஐஸ்வர்யாவுக்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன் பேச்சுலர்கள் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். அவளை மீட்டுக்கொண்டு போக வரும் வீட்டு ஆட்கள் கத்தியோடு வருவதில்லை, பாசமாக வருகிறார்கள், எல்லாம் சரியாகிவிட்டது, ஊருக்கு வாங்க என்று பேசுகிறார்கள். காரில் ஏறிப் போன பிறகுதான் அடி. அந்தப் பேச்சும் அந்த மாமாவின் பேச்சும் போனில் கேட்டால் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. தவறான ஆளிடம் சொன்ன பொய்யின் விலை ஒரு தாயின் இரண்டு வருஷ வேதனை. அது சின்ன விலை என்று சொல்ல மாட்டேன். தவறான ஆளிடம் சொன்ன உண்மையின் விலைக்குத் திரும்பி வரும் வழி கிடையாது. காண்ட் இந்தக் கணக்கே போடக் கூடாது என்பார். கணக்குப் போடாமல் இருக்கும் வசதி, வாசலில் யாரும் வந்து நிற்காதவர்களுக்குத்தான் உண்டு.

'காதல்' பற்றி ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. ஐஸ்வர்யா பள்ளி மாணவி. படத்தில் அவள் பெரியமனுஷியாகும் சடங்கே வருகிறது. தியேட்டரில் நாம் அழுதபோது யாரும் வயதைக் கேட்கவில்லை. 2012இல் போக்சோ வந்த பிறகு அந்தக் கதை நடந்தால் முருகன் முதலில் போவது சிறைக்கு, அவனுக்கு உதவிய மேன்ஷன்காரர்களும் ஸ்டேஷன் படி ஏற வேண்டியிருக்கும். கதவைத் திறக்கிறவர் வயதுச் சான்றிதழ் கேட்பது ஜாதி கேட்பதைப் போன்றது அல்ல. அந்த ஓனர் அம்மா கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது, அதை அவர் கேட்கவில்லை.

உதவுகிறவர்களைப் பற்றியே ஒரு படம் வந்தது, சமுத்திரக்கனியின் 'நாடோடிகள்' (2009). நண்பனின் காதலைச் சேர்த்துவைக்கப் போய் ஒருவனுக்குக் கால் போகிறது, ஒருவனுக்குக் காது போகிறது, ஒருவன் பாட்டியை இழக்கிறான். பிறகு அந்த ஜோடி அலுத்துப்போய்ப் பிரிந்துவிடுகிறது. நண்பர்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு போய் அடிக்கிறார்கள். தியேட்டரில் விசில் பறந்த இடம் அது. எனக்கு அங்கேதான் நெருடியது. இரண்டு பேர் தாங்களே முடிவெடுக்கலாம் என்பதற்காகத்தானே காலைக் கொடுத்தார்கள்? பிரிவதும் அந்த முடிவுகளில் ஒன்றுதான். உதவிக்கு ஈஎம்ஐ போட்டு வசூல் பண்ணினால், பெற்றோர் வளர்த்ததற்கு வசூல் பண்ணுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் கால் போனவனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வருமா என்பது வேறு விஷயம்.

சட்டம் பக்கம் பார்த்தால் அது பெரும்பாலும் ஓடுகிறவர்களின் கட்சிதான். 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. 2006இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மேஜரானவர்கள் யாரை வேண்டுமானாலும் மணக்கலாம், தொந்தரவு செய்கிறவர்கள் மேல் போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்றது. வக்கீல் அறையில் நடக்கும் கல்யாணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ரகசியமாக இருக்க வேண்டிய நெருக்கடி சிலருக்கு இருக்கும் என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டது. ஆனால் மதம் மாறிக் கல்யாணம் செய்ய விரும்பாத வெவ்வேறு மதத்தவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போனால், பெயரும் விலாசமும் அலுவலகப் பலகையில் தொங்கும், ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். நுவார் படங்களில் தபால் நிலையத்துச் சுவரில் தேடப்படுகிறவர்களின் படம் ஒட்டியிருக்குமே, அது மாதிரி.

என் வேலை லாக் ஃபைல்களோடு. யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வந்தார் என்று பதிவாகும் வரிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பது. அதனால் இந்த வகைப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு ஏக்கம் வரும். பௌவியும் கீச்சியும் ஓடிய ரோடு இப்போது இல்லை. லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ். ஃபாஸ்டேக் சுங்கச்சாவடியில் மெசேஜ் அனுப்புகிறது, அது பெரும்பாலும் அப்பா நம்பருக்கு. யூபிஐயில் ஒரு டீ குடித்தால் ஊர் தெரிந்துவிடும். டவர் லொகேஷன் எடுத்துத் தர ஸ்டேஷனில் ஒரு சொந்தக்காரர் போதும். காண்ட் தேடிய மனிதர் கடைசியில் கிடைத்துவிட்டார்: யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும், பொய்யே சொல்லத் தெரியாதவர். அவர் பெயர் டேட்டாபேஸ். மேட்டியாவது தூக்கம் தொலைத்தாள்.

டேட்டாபேஸ் போதாதபோது பழைய வழியும் இருக்கிறது. 2025இல், எங்கள் ரயில் பாதையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போனால் வரும் திருவாலங்காடு பக்கம், ஒரு காதல் கல்யாணத்துக்குப் பிறகு ஜோடி கிடைக்கவில்லை என்று பையனின் தம்பியைக் கடத்தியதாக வழக்கு வந்தது. பதினெட்டு வயதுகூட ஆகாத பையன். மூத்த போலீஸ் அதிகாரி ஒருவரின் அரசு வண்டி அதில் பயன்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, அவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஓடுகிறவர்கள் படத்தில் தம்பிகள் வருவதே இல்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்களைக் கேமரா காட்டுவதில்லை.

'காதல்' படத்தில் கேமரா கடைசியில் அப்படி ஒருவரிடம் திரும்புகிறது. ஐஸ்வர்யாவை வீட்டில் பார்த்துக் கட்டிவைத்த கணவர். சிக்னலில் அழுக்கும் சடையுமாகத் திரியும் பைத்தியக்காரன் முருகன்தான் என்று தெரிந்து அவள் உடைந்துபோகிறாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அவருக்குக் கோபப்படக் காரணம் இருந்தது, கௌரவம் இருந்தது, நமக்கு எதுக்கு வம்பு என்று சொல்ல எல்லா உரிமையும் இருந்தது. அவர் முருகனை மனநலக் காப்பகத்தில் சேர்க்கிறார். இது தான் கேட்ட உண்மைக் கதை என்றும், ரயில் பயணத்தில் அந்தக் கணவரே தன்னிடம் சொன்னது என்றும் இயக்குநர் கடைசியில் எழுத்தில் போடுகிறார். அதுவரை காதலர்களின் கதையாக நாம் பார்த்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் எதிர் சீட்டுக்காரரிடம் சொன்ன கதை.